முகூர்த்தம் பார்க்காத பற்கள்

அன்புள்ள கயல்,

உன் நிச்சயதார்த்தத்தன்று பந்தி முடியும் நேரம். மாப்பிள்ளை தினேஷின் பெரியத்தை பாயசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உன்னைக் கண்ணால் காட்டி, "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு பல்லுல இருக்கிற கம்பிய எப்ப எடுப்பாங்க? கல்யாணத்துக்குள்ள எடுத்துருவாங்கல்ல?" என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கியவள். அன்று அந்தப் பழக்கம் எனக்கே உதவவில்லை. "எடுத்துருவாங்க, எடுத்துருவாங்க" என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை சொன்னது எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

இந்தக் கடிதத்தை இப்போது எழுதக் காரணம் நேற்று நீ போனில் பேசியதுதான். கம்பியை எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. பற்களைப் பிடித்து வைப்பதற்கு ரிட்டெய்னர் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர முதல் சில மாதங்களுக்கு எப்போதும் அது வாயில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீயோ, "அம்மா, அதைப் போட்டா பேச்சே குழறுது. நான் 'சிங்கம்'னு சொன்னா 'திங்கம்'னு வருது. பிள்ளைங்களும் கோரஸா 'திங்கம்'னு சொல்றாங்க. தமிழ் டீச்சர் இப்படிப் பேசலாமா? ரெண்டு மூணு நாளா ஸ்கூல்ல மட்டும் கழட்டி வச்சிடறேன் லா" என்றாய். பாலர்பள்ளிப் பிள்ளைகளின் காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் சரியாக விழ வேண்டும் என்று நினைக்கிறாய். அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை நாள் பொறுத்துச் சம்பாதித்ததைப் பகல் பொழுதுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுவாயோ என்று எனக்குக் கவலையாகவும் இருக்கிறது. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே என்னைப் பார்க்கும் பெற்றோர்கள் பலர், "டீச்சர், உங்க பொண்ணுக்கு எவ்வளவு நாள் ஆச்சு? ஏன் அவ்வளவு நாள்?" என்று கேட்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும். உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறேன்.

உனக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிப் பல் மருத்துவர் முதன்முதலில் சொன்னார். மேல் வரிசையில் இடம் போதவில்லை, இரண்டு கோரைப்பற்களும் மற்ற பற்களின் மேல் ஏறி நிற்கின்றன, கம்பி போட்டால் சரியாகும் என்றார். நீ முடியாது என்று ஒரே பிடியாக நின்றாய். அந்த வருடம் உனக்கு நாடகத்தில் பெரிய வேடம். கம்பியோடு மேடை ஏறமாட்டேன் என்றாய். நாங்களும் வற்புறுத்தவில்லை. அதன்பிறகு நீ சிரிக்கும்போதெல்லாம் வலது கை தானாக வாய்க்குப் போகும். நம் வீட்டு ஆல்பத்தில் உன் பல் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. விரல்கள்தான் தெரியும். நாங்கள் அதை உன் வெட்கம் என்று நினைத்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெம்பனிஸ் உணவங்காடியில் தோசைக்குக் காத்திருந்தபோது, "பல்லுக்குக் கம்பி போடப் போறேன். அப்பாய்ன்ட்மென்ட் வாங்கிட்டேன்" என்று அறிவித்தாய். அப்போது உனக்கு இருபத்தெட்டு.

அப்பா காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "இந்த வயசுலயா? அதெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்க போடறது லா."

"பல்லுக்கு வயசு தெரியாதுப்பா. ஈறும் எலும்பும் நல்லா இருந்தா எப்ப வேணாலும் போடலாமாம்."

"எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும். நான் மூடி மூடிச் சிரிக்கிறத மட்டும் யாரும் பாக்கலையா?"

அப்பா காப்பிக் குவளையை மறுபடி கையில் எடுத்தார். தோசை வந்ததும் உன் தட்டில் ஒரு துண்டு கூடுதலாக வைத்தார். அவர் சம்மதம் எப்போதும் அப்படித்தான் வரும். நான் அன்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். பதின்மூன்று வயதில் யார் சொல்லியும் செய்யாத ஒன்றை இருபத்தெட்டு வயதில் யாரும் சொல்லாமல் செய்தவள் நீ.

டோபி காட் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிளினிக்குக்கு முதல் நாள் நானும் உன்னோடு வந்தேன். டாக்டர் சீனப் பெண்மணி. நிதானமாகப் பேசுபவர். எக்ஸ்ரே எடுத்தார், பற்களுக்கு அச்சு எடுத்தார், பிறகு திரையில் காட்டி விளக்கினார். பல் என்பது சிமெண்டில் பதித்த ஆணி போன்றது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பல்லை ஒரு பக்கமாக மெதுவாக அழுத்தினால், அது போகும் பக்கத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிவிடுகிறது. அது விட்டுவந்த பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. கரைவதும் வளர்வதும் உடம்பு தன் வேகத்தில் செய்யும் வேலைகள். பெரியவர்களுக்கு எலும்பு முற்றியிருக்கும். பிள்ளைகளுக்குத் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், அந்த வளர்ச்சியே பாதி வேலையைச் செய்துவிடும். அதனால் பெரியவர்களுக்குச் சிலசமயம் கூடுதல் காலம் ஆகலாம் என்றார்.

நான் கேட்டேன்: "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சீக்கிரம் முடியாதா?" டாக்டர் சிரித்தார். இறுக்கினால் வலி கூடும், பல்லின் வேருக்குக் கெடுதல் வரலாம், வேகம் மட்டும் கூடாது என்றார். வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது உன்னிடம் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயில் வாசலில் பால்குடம் எடுத்தவர்கள் நிற்கும் வரிசையைப் பார். பின்னால் இருப்பவர் எவ்வளவு தள்ளினாலும் வரிசை வேகமாக நகராது. சன்னிதிக்கு முன் நிற்பவர் பாலை ஊற்றிவிட்டு விலகினால்தான் அடுத்தவருக்கு இடம். தள்ளினால் பால்தான் சிந்தும். உன் வாயிலும் அப்படித்தான். நெருக்கமான இடத்தில் இரண்டு பற்களை எடுத்து இடம் உண்டாக்க வேண்டியிருந்தது. பிறகு கோரைப்பற்கள் அந்த இடத்துக்கு இறங்கி வர வேண்டும், முன்பற்கள் பின்னால் போக வேண்டும், கடைசியில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒருவர் நகர்ந்த பிறகே இன்னொருவர். கொஞ்சம் வளைந்த ஒரே ஒரு பல்லைத் திருப்ப வேண்டியவருக்குச் சில மாதங்களில் முடிந்துவிடும். உன்னைப்போல் இடம் உண்டாக்கி, அதை மூடி, மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் கடியையும் சரிசெய்ய வேண்டியவருக்கு ஒன்றரை வருடம், இரண்டு, இரண்டரை என்று போகும். உனக்கு "இரண்டு வருடம் போல" என்றார்.

அந்த "போல" என்ற சொல்லை நாம் யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்க விரும்பவில்லை. அடுத்த வருடம் தினேஷ் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தது. அவன் அரசிடம் பதிந்திருந்த வீவக அடுக்குமாடி வீடு சுவா சூ காங்கில் தயாராகிவிடும் என்று தகவல் வந்திருந்தது. சாவி கிடைத்ததும் கல்யாணம் என்று எல்லாருக்கும் ஒரே எண்ணம். பஞ்சாங்கத்தை விரித்தோம். ஆடி ஆகாது. புரட்டாசி வேண்டாம் என்று தினேஷின் அம்மா. மார்கழி பேச்சே இல்லை. தையில் நல்ல நாளெல்லாம் தேக்காவில் நாம் பார்த்த மண்டபத்தில் யாரோ பிடித்துவிட்டார்கள். மிஞ்சியது ஆவணியில் ஒரு முகூர்த்தம். அப்பா காலண்டரைப் பார்த்தார், நான் விரல் விட்டு எண்ணினேன். கம்பி போட்டு அந்த ஆவணிக்கு இரண்டு வருடம் கழிந்து மேலும் இரண்டு மாதமும் கையில் இருக்கும். பாடத்திட்டத்தில் மழை நாட்களுக்கும் காய்ச்சல் நாட்களுக்கும் இடம் விடுவது போல அந்த இரண்டு மாதத்தை நினைத்துக்கொண்டு, "தாராளமா போதும்" என்று சொன்னேன். மண்டபத்தை அன்றே உறுதி செய்தோம். ஐயருக்குத் தெரிந்த முகூர்த்தம் எலும்புக்குத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து வந்த முதல் தீபாவளிக்குத் தினேஷின் பெரியத்தை வீட்டில் விருந்து. அவர் கைமுறுக்கில் பெயர் போனவர். கையாலேயே திருகித் திருகிச் சுற்றுவார். ஒவ்வொன்றும் கல் மாதிரி இருக்கும், சுவையும் அப்படி ஒரு சுவை. உனக்கு முறுக்கு, கடலை, ஐஸ் எதுவும் கூடாது என்று கிளினிக்கில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். ஆனால் எதிரில் வருங்காலப் பெரியத்தை, கையில் தட்டு. "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்கிறார். அந்த இடத்தில் நம் பெண் பிள்ளைகள் யார்தான் மறுப்பார்கள்? உடைத்துச் சின்னத் துண்டாக வாயில் போட்டிருக்கலாம், அதுகூடச் செய்யாமல் கடித்தாய். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருந்த பிராக்கெட் ஒன்று பட்டென்று விட்டுப்போனது. கம்பியில் ஊஞ்சல் ஆடியது. நீ வாயை மூடிக்கொண்டு, "சூப்பரா இருக்கு அத்தை" என்றாய். உடனே கிளினிக்கைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நாளில் ஒட்டியிருப்பார்கள். கேட்டால் முறுக்கு என்று சொல்ல வேண்டும், அத்தை காதுக்குப் போனால் வருத்தப்படுவார் என்று நீ அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் வரை காத்திருந்தாய். பிடி விட்ட அந்தப் பல் அந்த வாரங்களில் சும்மா இருக்கவில்லை. வந்த வழியே கொஞ்சம் திரும்பிப் போய்விட்டது.

அடுத்தது ரப்பர் பேண்ட். மேல் பல்லிலிருந்து கீழ்ப் பல்லுக்கு நீயே மாட்டிக்கொள்ளும் சின்ன வளையங்கள். அவற்றைச் சாப்பிடும்போது தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும். நீ ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் பழக்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. வாயைத் திறந்து பாட முடியவில்லை என்று கழற்றி வைத்தாய், மாலையில் மாட்ட மறந்தாய். டாக்டர் வாயைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "பாதி நேரம் போட்டால் பாதி வேகத்தில் நகரும் என்று நினைக்காதீர்கள். சில வேளை நகரவே நகராது" என்றார். வகுப்பில் வாரம் ஒரு நாள் மட்டும் வாய்ப்பாடு படிக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வரும்போது அது மீண்டும் முதல் வரியிலிருந்துதான் தொடங்கும். அதற்குப் பிறகு நீ ஒரு நாளும் தவறவிடவில்லை. தினேஷோடு படம் பார்க்கப் போன இடத்தில் பாப்கார்ன் வேண்டாம் என்று சொல்லி, இருட்டில் ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம். அவன்தான் என்னிடம் சொன்னான். "அத்தை, என் கையை விட அதைத்தான் ஒழுங்கா பிடிச்சிருக்கா" என்று சிரித்தான்.

மூன்றாவது காரணத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இடது பக்கத்துக் கோரைப்பல் இறங்கி வர மறுத்தது. நீ எல்லாம் சரியாகச் செய்தாய். வேளைக்குப் போனாய், வேளைக்குத் துலக்கினாய், ஈறு வீங்கவில்லை, எதுவும் உடையவில்லை. வலது பல் வந்து நின்றுவிட்டது. இடது பல் தன் போக்கில் வந்தது. டாக்டரிடம் கேட்டபோது, "சிலருக்குச் சில பல் அப்படித்தான். எலும்பு ஆளுக்கு ஆள் வேறு. ஒரே வாயிலேயே பல்லுக்குப் பல் வேறு" என்றார். என் வகுப்பில் இரட்டைப் பிறவிகள் படித்தார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே டீச்சர். ஒருவன் ஒரு வாரத்தில் கழித்தல் கற்றான், மற்றவனுக்கு அந்தப் பள்ளித் தவணை முழுவதும் தேவைப்பட்டது. தவணை முடிவில் இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். உன் இடது பல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாமவன் ஞாபகம்தான் வந்தது.

ஆவணி நெருங்கியது. இன்னும் ஐந்தாறு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியத்தை போன் மேல் போன். "சம்பந்தி, எல்இடி ஸ்க்ரீன்ல முகம் இவ்ளோ பெருசா வரும். கம்பியும் அவ்ளோ பெருசா வரும். ஒரு பத்து நாளைக்கு எடுத்துட்டு அப்புறம் போடச் சொல்லுங்களேன்." எனக்கும் ஆசைதான். மணமேடையில் என் பெண் கம்பி இல்லாமல் சிரிக்க வேண்டும் என்று எந்த அம்மா விரும்பமாட்டாள்? அடுத்த முறை உன்னோடு கிளினிக்குக்கு வந்தேன். நாற்காலியில் நீ சாய்ந்திருந்தாய், நான் டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: கல்யாணத்துக்கு முன் எடுத்துவிட முடியுமா?

"முடியும்" என்றார் டாக்டர். "எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கல்யாணம் முடிந்ததும் மறுபடி ஒட்டலாம். சிலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மூடிக்கொண்டிருக்கும் இடைவெளி திறக்கலாம். மறுபடி தொடங்கும்போது கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவோம். முடிவு உங்கள் மகளுடையது."

நீ என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து, "அந்த இடது பல் வருமா?" என்றாய்.

"வந்துகொண்டிருக்கிறது."

"அப்ப வரட்டும். எடுக்க வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினாய். "அம்மா, நீங்க வாயத் தொறந்து கேட்டுட்டீங்க. நான் வாயத் தொறந்துகிட்டே வேணாம்னு சொல்லிட்டேன். முடிஞ்சிருச்சு."

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார். கயல், என் வாழ்நாளில் எத்தனையோ பிள்ளைகள் என் கேள்விக்கு நல்ல பதில் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டதை மறுத்துச் சொன்ன பதில்களில் அதைவிட நல்லதை நான் கேட்டதில்லை. கல்யாணம் ஒரு நாள், பல் ஒரு வாழ்நாள் என்று நானாக இருந்தால் உனக்கு ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருப்பேன். நீ வாசகம் எதுவும் பேசவில்லை. வந்துகொண்டிருக்கும் பல்லை நடுவழியில் விட உனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அதற்கடுத்த விஷயம் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வழக்கமான அப்பாய்ன்ட்மென்ட். பிராக்கெட்டில் கம்பி நழுவாமல் பிடிக்க ஒவ்வொரு பல்லிலும் ஒரு குட்டி ரப்பர் வளையம் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் அதை மாற்றுவார்கள், நிறம் நம் விருப்பம். நீ எப்போதும் சாம்பல் நிறம்தான் எடுப்பாய், கண்ணுக்குத் தெரியாது என்று. அன்று நர்ஸ் நிற வளையங்கள் கோத்த அட்டையை நீட்டியதும், கைப்பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்தாய். சிராங்கூன் ரோட்டில் வாங்கிய கூறைப்புடவையின் ரவிக்கையைத் தைத்தபோது மிஞ்சிய அரக்குத் துண்டு. அதை அட்டையின் மேல் வைத்து ஒவ்வொரு வளையமாக ஒப்பிட்டாய். நர்ஸ் குனிந்து பார்த்தார், டாக்டர் குனிந்து பார்த்தார், நானும் குனிந்தேன். நாலு பேர் சேர்ந்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு வருடம் மறைத்த ஒன்றை அன்று நீ அலங்காரத்தில் சேர்த்துக்கொண்டாய்.

மணமேடையில் பெரியத்தை உனக்குப் பொட்டைச் சரிசெய்யக் கிட்டே வந்தார். நீ சிரித்தாய். அவர் கை அந்தரத்தில் நின்றது.

"அடியே! புடவைக்கு மேட்ச்சிங்கா?"

"நல்லா இருக்கா அத்தை?"

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா எடுத்திருக்கலாம்ல? ஏன் இவ்ளோ லேட்டு?"

"உங்க முறுக்குலயும் ஒரு பங்கு இருக்கு அத்தை. முதல் தீபாவளிக்கு ஒண்ணே ஒண்ணுன்னு குடுத்தீங்கல்ல, அதுல ஒரு பிராக்கெட் போயிருச்சு."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு பெரியத்தை போட்ட சிரிப்பு மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. "அப்பவே சொல்லக்கூடாதா லா? நான் பாட்டுக்கு உங்கம்மாவப் போட்டு அரிச்சேனே!" அதைக் கேட்டு நீயும் சிரித்தாய். தினேஷ் உன் வலது கையைப் பிடித்திருந்தான். இடது கையும் மேலே வரவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்த எல்இடி திரையில் உன் முகம், அரக்குப் புள்ளிகளோடு, சுவர் உயரத்துக்குத் தெரிந்தது. என் பக்கத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாலை வரை வந்தவர்களிடமெல்லாம் பெரியத்தை, "எங்க மருமக பல்லப் பாத்தீங்களா, புடவைக்குத் தக்கன போட்டிருக்கா" என்று தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ சுவா சூ காங்குக்குக் குடிபோனாய். டோபி காட் கிளினிக்குக்கு அங்கிருந்து வர முன்னைவிட அதிக நேரம். ஆனாலும் ஒரு அப்பாய்ன்ட்மென்ட்டையும் தள்ளிப்போடவில்லை. ஒன்றைத் தள்ளினால் ஒரு மாதம் தள்ளும் என்பது உனக்கு அப்போது மனப்பாடம். இடது கோரைப்பல் கடைசியில் வந்து மற்றவற்றோடு நின்றது. போன வாரம் கம்பியை எடுத்தார்கள். இரண்டு வருடம் போல என்றது, இரண்டரையைத் தாண்டி முடிந்தது. வீடியோ காலில் நீ பற்களைக் காட்டியபோது நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அம்மா, நெட் போயிருச்சா?" என்றாய். நெட் நன்றாகத்தான் இருந்தது.

இப்போது ரிட்டெய்னருக்கு வருகிறேன். எங்களிடம் கேட்பவர்கள் எல்லாரும் கம்பி எடுக்கும் நாளைத்தான் கேட்கிறார்கள். நானும் அந்த நாளை முடிவு என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டரோ, புது இடத்துக்கு வந்த பல்லைச் சுற்றி எலும்பு இன்னும் இறுகவில்லை, ஈறின் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும், முதல் மாதங்களில்தான் பற்கள் அதிகமாகத் திரும்பப் பார்க்கும் என்று உன்னிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். அதற்குப் பிறகும் இரவு நேரத்துக்கு நெடுநாள் போட வேண்டியிருக்கும். நேற்று நீ பேச்சுவாக்கில், சாயங்காலம் வந்து மாட்டும்போது லேசாக இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளியில் கழற்றி வைத்த அந்தச் சில மணி நேரத்தில் பற்கள் அசையப் பார்க்கின்றன என்றுதானே அதற்கு அர்த்தம்? நான் சொன்னதும் நீ கிளினிக்குக்குப் போன் செய்துவிட்டாய். இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, இனிக் கழற்றாமல் போட்டால் சரியாகிவிடும் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆக, மிச்சம் இருப்பது குழறல் மட்டும்தான்.

அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். என் வகுப்புக்கு ஒருமுறை முன்பல் விழுந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தார்கள். வாயைத் திறந்தால் எல்லாருக்கும் காற்றுதான் வந்தது. பேசாமல் இருந்த பிள்ளைக்குக் குழறல் நீண்டது. வாய் ஓயாமல் பேசிய பிள்ளைக்குச் சீக்கிரம் போனது. நாக்கு புதுப் பாதையைப் பேசித்தான் கண்டுபிடிக்கிறது. நீ வகுப்பில் கழற்றிவிட்டு வீட்டில் மட்டும் மாட்டினால், வீட்டில் பேசும் ஆள் தினேஷ் ஒருவன்தான். அவன் நீ எப்படிப் பேசினாலும் தலையாட்டுவான். அதில் நாக்குக்கு என்ன பயிற்சி கிடைக்கும்? பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதே. டீச்சர் ஒரு சொல்லை முதல் நாள் தடுமாறிச் சொல்லி, மறுநாள் கொஞ்சம் தேறி, ஒரு வாரத்தில் நேராகச் சொல்வதை அவர்கள் கண்ணால் பார்ப்பது நல்ல பாடம்தான். நான் முப்பது வருடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியதில்லை. எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை, உனக்கு அமைந்திருக்கிறது.

உன்னை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்படுகிறேன் என்று இத்தனை பக்கத்தில் சொல்லிவிட்டேன். இனி உனக்கு ஒரே ஒரு வேலை. நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன், ரிட்டெய்னரைப் போட்டுக்கொண்டே, அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை சத்தமாக, மெதுவாக வாசித்துப் பார்.